சுண்டாங்கோழிக்கு ஸ்பீக்கர் வைத்தவர்களுக்கு

முகநூலில் ஞாயிற்றுக்கிழமை வந்த அந்த வீடியோவையும், அதோடு போட்ட இடத்தின் மேப் லிங்க்கையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாறை இடுக்கில் ப்ளூடூத் ஸ்பீக்கர், அதில் சுண்டாங்கோழிச் சேவல் கத்தும் ஒலிப்பதிவு, கீழே இறைத்த அரிசி. வண்ணச் சுண்டாங்கோழி என்ற அந்தக் காட்டுப் பறவை வெளியே ஓடி வந்ததும் கைதட்டல் வேறு. நான் எழுதியது ஒரே வரிதான்: ஒலி போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். அதற்கு இவ்வளவு வசை.

நம் பக்கத்தில் கௌதாரி பிடிப்பவர்கள் என்ன செய்வார்கள்? பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கத்த விடுவார்கள். தன் எல்லைக்குள் எவனோ வந்துவிட்டான் என்று காட்டுக் கௌதாரி சண்டைக்கு ஓடி வந்து கண்ணியில் மாட்டும். நீங்கள் செய்ததும் அதேதான். "நாங்கள் கொல்லவில்லையே" என்கிறீர்கள். சரி, கொல்லவில்லை. இல்லாத எதிரியைத் தேடி அந்தச் சேவல் வெட்டவெளிப் பாறையில் அலைந்ததே, மேலே கழுகு வட்டமிடுகிற இடம் அது. அதை யோசித்தீர்களா?

அந்தக் குன்றை எனக்குக் காட்டியவர் ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர். "சத்தம் போடாம உக்காருங்க தம்பி, அதுவா வரும்" என்றார். வெயில் ஏறுவதற்கு முன்பே சருகு கிளறும் சத்தம் கேட்டது. முதலில் பெட்டை, புள்ளியே இல்லாத மங்கிய பழுப்பு. பின்னால் சேவல்: பச்சை மினுங்கும் கருந்தலை, செம்பழுப்பு முதுகில் கருப்பு விளிம்பு கட்டிய வெள்ளைப் புள்ளிகள். எங்களைக் கண்டதும் வாலைத் தூக்கிக்கொண்டு பாறை மேல் ஓடியது, பறக்கவில்லை. ஆபத்து என்றாலும் முதலில் ஓடத்தான் பார்க்கும் இனம் இது. காத்திருந்தால் வரும். வராவிட்டால் இன்னொரு நாள் போக வேண்டியதுதான்.

"ஆராய்ச்சியாளர்களும் ஒலி போடுகிறார்களே" என்று ஒருவர். கணக்கெடுப்புக்காக வரைமுறையோடு போடுவதும், குஞ்சு இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் படத்துக்காக விடாமல் போடுவதும் ஒன்றா?

"நீ மட்டும் பார்க்கலாமா, இடத்தை மூடி வைக்கிறாயே" என்றதுதான் இன்னும் வலிக்கிறது. புதிதாக வந்த எத்தனை பிள்ளைகளை பைக்கில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன், கழுத்தில் கிடந்த பைனாகுலரைக் கழற்றிக் கொடுத்திருக்கிறேன்! அவர்களில் சிலர் என்னைத் திட்டிய கமெண்டுக்கு லைக் போட்டிருக்கிறார்கள். போடட்டும்.

மதுரை மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும் அந்த மலையின் பறவைகளைச் சொல்லித்தானே நாமும் வாதாடினோம்? மேலூர்ப் பக்கத்து சனம் மதுரைக்குப் பேரணி வந்தது, 2025 ஜனவரியில் சுரங்க ஏலம் ரத்தானது. அந்த சனத்தின் மேய்ச்சல் காட்டில் நீங்கள் பைக்கை விட்டு ஏற்றுகிறீர்கள். பெரியவர் போனில் "அவங்க உங்க ஆளுகளா தம்பி?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்வது?

கண்ணி வைப்பவனும் முகநூல் பார்க்கிறான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று தெரிந்தேதான் வைக்கிறான். அவனுக்கு வழி காட்டும் அந்த மேப் லிங்க் இன்னும் உங்கள் பதிவில் இருக்கிறது. வீடியோவைக்கூட வைத்துக்கொள்ளுங்கள், லிங்க்கை இன்றைக்கே எடுங்கள்.