ஆறாம் எண் ராடுக்கு அவ்வளவு விலையில் ரீல் வேண்டாம்

"ஆறாம் எண் ஃப்ளை ராடுக்கு நீர் புகாத டிஸ்க் டிராக் ரீல்தான் வேண்டும், மலிவான ரீலில் முதல் மீனே அறுத்துக்கொண்டு போய்விடும்" என்று மேலே அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். ஃப்ளை ராடு என்பது பூச்சி மாதிரி செய்த லேசான இரையை வீசும் தூண்டில் கோல், எண் அதன் வலுவைச் சொல்லும். ரீல் நூலைச் சுற்றி வைக்கும் கருவி, டிராக் என்பது மீன் இழுக்கும்போது நூல் ஓடுவதைத் தடுக்கும் அதன் பிரேக்; டிஸ்க் டிராக்கில் அந்தப் பிரேக் தட்டு வடிவில் இருக்கும். டர்பன் கடற்கரையில் வீசுகிறவருக்குச் சரி, உப்புத்தண்ணீர் சாதா ரீலைத் தின்றுவிடும். தென்னாப்பிரிக்க மலையடிவார ஊரான அண்டர்பெர்க் பக்கம் டிரவுட் என்ற நன்னீர் மீனுக்குப் போகிறவருக்கு அது வீண் செலவு.

முதலில் அறுவது லைன் முனையில், இரைக்கு முன்னால் கட்டும் மெல்லிய நூலான டிப்பெட். 5எக்ஸ் என்ற தடிமன் அளவுள்ள டிப்பெட் இரண்டு கிலோ சொச்சம்தான் தாங்கும். டிராக்கை அதற்கும் வெகு கீழேதான் வைக்கப்போகிறோம், அந்த வேலைக்கு டிக் டிக் என்று ஓடும் பழைய கிளிக் ரீலே போதும். மீன் ஓடினால், நூல் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலின் விளிம்பை உள்ளங்கையால் லேசாக அணைத்தால் வேகம் அடங்கும்.

வால் (Vaal) என்னும் தென்னாப்பிரிக்க ஆற்றின் யெல்லோஃபிஷ் மீன் வேறு ரகம், நீளமாக ஓடும். அதற்கு டிஸ்க் டிராக் நல்லது, அதுவும் மலிவிலேயே கிடைக்கிறது. லைனோடு, அதற்கு அடியில் சுற்றும் கூடுதல் நூலான பேக்கிங்கும் எண்பது, தொண்ணூறு மீட்டர் கொள்ளுமா என்று கேளுங்கள்.

கடையில் லைனைக் கையால் இழுத்துப் பாருங்கள். தொடக்கத்திலேயே வெடுக்கென்று பிடித்து விட்டால் வேண்டாம், அந்த வெடுக்குதான் டிப்பெட்டை அறுக்கும். ஸ்பூலை ஆட்டினால் லொடலொடக்கக் கூடாது. உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த மலிவு ரீலுக்கு ஒரு குறை உண்டு: என்னுடையது ஓடைப் பாறையில் விழுந்து விளிம்பு நெளிந்து, இன்றும் கர்கர் என்று உரசுகிறது. மீன் என்னவோ வந்துகொண்டுதான் இருக்கிறது.

அப்புறம், மிச்சமாகும் பணத்தை நல்ல லைனில் போடுங்கள். வீச்சைத் தீர்மானிப்பது அதுதான்.