கருப்பனை மிச்சிகனுக்கு அனுப்புவதா?

செத்த நாயை உறைய வைக்க ஆசைப்படுகிறவனைக் கேலி பண்ண வருகிறவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போகலாம். தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) உடைபட்டு, மலேசியாவில் கெடா மாநிலத்து பீடோங் டவுனுக்குக் குடி வந்தபோது, சாமி படத்தோடு நாயையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த குடும்பங்கள் எங்கள் பக்கம் உண்டு. அந்தப் பாசத்துக்கு நான் விலை பேசமாட்டேன். ஆனால் விற்கிறவன் என்ன விற்கிறான் என்று பார்க்கலாம் அல்லவா?

எனக்குத் தம்பி முறையாகிற பையன் ஒருவன் கருப்பன் என்று ஒரு நாய் வளர்க்கிறான். கிழடு தட்டிவிட்டது. மூஞ்சியெல்லாம் நரை, பின்னங்கால் இழுவை. சோற்றுத் தட்டுக்குக்கூட எழுந்திருக்காது. இவன் மோட்டார் சத்தம் முச்சந்தியில் கேட்டால் மட்டும் தரையை உரசிக்கொண்டே கேட் வரை வந்துவிடும். “அண்ணே, அமெரிக்காவில ஐஸ்ல வச்சு பாதுகாக்கிறாங்களாமே, கொஞ்சம் பாருங்களேன்” என்றான். பார்த்தேன்.

கிரையானிக்ஸ் என்றால், என்றைக்காவது எழுப்பிவிடலாம் என்ற நம்பிக்கையில் செத்த உடம்பை உறையவைத்துக் காப்பது. அமெரிக்காவின் மிச்சிகனில் கிரையானிக்ஸ் இன்ஸ்டிடியூட் என்று ஒன்று, ராபர்ட் எட்டிங்கர் 1976-ல் தொடங்கியது. மனிதர்களோடு நாய், பூனைகளையும் வைத்திருக்கிறார்கள். உறுப்பினருடைய பிராணியை மட்டும்தான் எடுப்பார்கள். ஆயுள் சந்தா 1,250 டாலர், நாய்க்குச் சுமார் 5,800-ல் ஆரம்பம், எடை கூடக்கூட ஏறும். டாலருக்கு நாலு வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று வைத்தாலும் 28,000 வெள்ளி. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளக்காரனுக்குப் பதினாறு மாதச் சம்பளம். விமானச் செலவு தனி.

பணம்கூடப் பரவாயில்லை, கூட்டு (சீட்டு) எடுத்தாவது கட்டிவிடுவான். எனக்கு இடிக்கிறது நேரம்தான். மூச்சு நின்ற சில நிமிடங்களிலேயே மூளை செல்கள் கெட ஆரம்பித்துவிடும். உடனே உடம்பைக் குளிரவைத்து, ரத்தத்தை வெளியேற்றி, உறைவுத் தடுப்பு மருந்தை நாளங்களுக்குள் ஏற்றவேண்டும். அது ஏறினால்தான் உள்ளிருக்கும் நீர் ஐஸ் கட்டியாகாமல் கண்ணாடி மாதிரி இறுகும். அப்புறம்தான் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன். மருந்து ஏறாமல் உறைந்தால் ஐஸ் படிகங்கள் செல்லைக் கிழித்துவிடும். ஃப்ரீசரில் வைத்த தக்காளியை வெளியே எடுத்துப் பாருங்கள், தெரியும்.

நம் ஊர் மத்தியான வெயிலில் இதை யார் செய்வது? தடுப்பூசி போடுகிற நாய் டாக்டரா? ஆக, உலர் பனிக்கட்டிப் பெட்டியில் அடைத்து, பினாங்கு விமான நிலையம் கொண்டுபோய், பேப்பர் எல்லாம் முடித்து, விமானம் மாற்றி மாற்றி அனுப்பவேண்டும். போய்ச் சேருவது விளம்பரத்தில் சொன்ன சரக்கே அல்ல. நான் வேண்டாம் என்பது இதனால்தான்.

அமெரிக்காவிலேயே, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், 1967-ல் முதலில் உறைந்த ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் முதல் இன்றுவரை ஒருவரும் எழுந்ததில்லை. 2023-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உறையவைத்த எலிச் சிறுநீரகத்தைச் சூடேற்றி இன்னொரு எலிக்குப் பொருத்தி வேலை செய்யவைத்தார்கள். பெரிய விஷயம், குறை சொல்லவில்லை. ஆனால் இவனுக்கு வேண்டியது சிறுநீரகம் இல்லையே, இவன் மோட்டார் சத்தத்தைத் தெரிந்து வைத்திருக்கிற அந்த மூளை.

குளோனிங், அதாவது அதே மரபணுவோடு இன்னொரு நாயைப் பிறக்கவைப்பது? டெக்சாஸில் ஒரு கம்பெனி நாய்க்கு 50,000 டாலர் வாங்குகிறது. அந்தக் காசுக்கு பீடோங்கில் வீடே பேசி முடிக்கலாம். 2001-ல் முதல் குளோன் பூனை பிறந்தபோது மரபணு கொடுத்த பூனையின் ஆரஞ்சு நிறம் அதற்கு வரவே இல்லை. மரபணு ஒன்றுதான், பூனை வேறு.

இன்னொன்று. எல்லாம் பலித்து, இருநூறு வருஷம் கழித்து கருப்பன் கண் விழிக்கிறது என்றே வையுங்கள். கேட்டில் யார் நிற்பார்? அப்போ இவனும் பக்கத்தில் படுத்தாகணும், அதற்கு 28,000 டாலர். பெண்டாட்டிக்கும் அதே. அவளிடம் இதைச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன், பேச்சையே மாற்றிவிட்டான்.

மரபணுவையாவது எடுத்து வைக்கிறேன் என்றால் தடுக்கவில்லை, செலவு குறைவு. ஆனால் நாய் உயிரோடு இருக்கும்போதே டாக்டர் தோலில் துணுக்கு எடுப்பதுதான் நல்லது. செத்த பிறகு என்றால் குளிர்ச்சியில் வைக்கணுமே தவிர உறையவிடக் கூடாது.

தம்பி, இதைப் படிப்பாய் என்று தெரியும். சனிக்கிழமை சுங்கை பட்டாணி டாக்டரிடம் அந்தக் காலைக் காட்டுவோம், என் காரிலேயே போகலாம். பழைய கைலி ரெண்டு எடுத்து வை, உன் நாய் கார் ஏறினால் வாந்தி எடுக்கும்.