கோப்பை வந்துவிட்டால் 2020 சரியாகிவிடுமா?

போன வாரம் ஒரு பிறந்தநாள் விழாவில் நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார், "2020இல் அத்தனை பேரையும் கழித்துவிட்டதால்தான் 2023இல் கோலிங்வுட் கோப்பையைத் தூக்கியது. அன்றைக்கு நீங்கள் எல்லாரும் திட்டினீர்கள், இன்றைக்கு யார் சரி?" சுற்றி நின்ற நாலைந்து பேரும் தலையாட்டினார்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று நாளாக அந்தப் பேச்சு மனதைவிட்டுப் போகவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். நான் பேசுவது உலகக் கோப்பைக் கால்பந்து இல்லை. நாங்கள் இருக்கும் மெல்பர்னில் 'ஃபுட்டி' என்று சொன்னால் அது முட்டை வடிவப் பந்தோடு, கிரிக்கெட் மைதானத்தில், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் ஆடும் ஆஸ்திரேலிய ஃபுட்பால். அந்தப் போட்டித் தொடரின் பெயர் ஏஎஃப்எல். அதில் கோலிங்வுட் பெரிய கிளப், உறுப்பினர் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது. ஆனால் எவ்வளவு பணம் இருந்தாலும் வீரர்களுக்கு இஷ்டத்துக்குக் கொட்ட முடியாது. எல்லா கிளப்புக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு, அதைத்தான் சாலரி கேப் என்கிறார்கள். ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் இவ்வளவுதான் பர்ஸ் என்று இருக்கிறதே, அதுபோல. பணம் கொடுத்து இன்னொரு கிளப்பிடமிருந்து வீரரை வாங்கவும் முடியாது. வீரருக்கு வீரர் மாற்றலாம், இல்லையென்றால் டிராஃப்டில் இளம் வீரர்களைத் தேர்வு செய்யும் வரிசை எண்ணைக் கொடுக்கலாம். அந்த எண்தான் பிக். அதுதான் இங்கே நாணயம். எண் சிறியதாக இருந்தால் மதிப்பு பெரிது.

சரி, 2020க்கு வருகிறேன்.

அந்த ஆண்டு நவம்பர் 12, வியாழக்கிழமை. சனிக்கிழமை தீபாவளி. மெல்பர்னில் நீண்ட ஊரடங்கு முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அடுப்பில் முறுக்கு வெந்துகொண்டிருக்கிறது, என் மகளுக்கு அப்போது பத்து வயது, அடுக்களை மேடையில் என் போனை வைத்துக்கொண்டு திரையை இழுத்து இழுத்து விடுகிறாள். கிளப்புகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேட் காலத்தின் கடைசி நாள், மாலை ஏழரைக்கு முடிகிறது. அவள் போட்டிருந்தது கோலிங்வுட் ஜெர்சி, முதுகில் 7. அது ஆடம் ட்ரெலோரின் எண். ட்ரெலோருக்கு ஒப்பந்தத்தில் இன்னும் ஐந்து ஆண்டு பாக்கி இருந்தது, அவர் போக விரும்பவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். "போக மாட்டார்தானே அப்பா?" என்று நான்கைந்து முறை கேட்டிருப்பாள். நானும் போக மாட்டார் என்றே சொன்னேன், உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். ஏஎஃப்எல்லில் வீரர் சம்மதிக்காமல் அவரை மாற்ற முடியாது.

கடைசி நிமிடங்களில் போனார். வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கு.

அன்றைக்கு நடந்த கணக்கைப் பலரும் தனித்தனி டிரேடாகத்தான் பார்க்கிறார்கள். சேர்த்துப் பார்த்தால்தான் வயிறு எரியும். ஜெய்டன் ஸ்டீபன்சன், 2017 டிராஃப்டில் ஆறாவது பிக், 2018இல் சிறந்த இளம் வீரருக்கான ரைசிங் ஸ்டார் விருது வாங்கியவர், வயது இருபத்தொன்று. அவரையும் ஆட்டு போசெனாவுலாகியையும் 39ஆம் பிக்கோடு சேர்த்து நார்த் மெல்பர்னுக்குக் கொடுத்து 26, 33, 70 வாங்கினார்கள். அந்த 26ஐயும் 33ஐயும் அப்படியே எடுத்து, தங்கள் 42ஐயும் சேர்த்து, ட்ரெலோரையும் வைத்துப் புல்டாக்ஸிடம் நீட்டினார்கள். திரும்பி வந்தது 14ஆம் பிக்கும் அடுத்த ஆண்டின் ஓர் இரண்டாம் சுற்று பிக்கும். டாம் ஃபிலிப்ஸை ஹாதோர்னுக்கு 65ஆம் பிக்குக்கு அனுப்பினார்கள். போதாக்குறைக்கு, ட்ரெலோரின் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கோலிங்வுட்டே தொடர்ந்து கட்டுவதாக ஒப்புக்கொண்டது. ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலர் அளவில் என்று அப்போது செய்திகளில் அடிபட்டது.

ஆளையும் கொடுத்து, பிக்குகளையும் கொடுத்து, அவர் அடுத்த வீட்டில் சாப்பிடுவதற்கு அரிசியும் அளந்து கொடுப்பது. அதைத்தான் செய்தார்கள். அடிமாட்டு விலை என்று ஊரில் சொல்வோமே, அதைவிடக் கீழே. புல்டாக்ஸ் அந்தப் பிக்குகளை எதற்குக் கேட்டார்கள்? அவர்கள் அகாடமியில் வளர்ந்த ஜமாரா ஊகல் ஹேகனை வேறொரு கிளப் முதல் பிக்காகக் கேட்கும், அதற்கு ஈடு கொடுத்தால் அவரைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம், அந்த ஈட்டுக்குப் புள்ளிகள் வேண்டும், ஒவ்வொரு பிக்குக்கும் இத்தனை புள்ளி என்று உண்டு, அந்தப் புள்ளிகளை இந்த மாதிரி நடுத்தரப் பிக்குகளைச் சேர்த்துத் திரட்டலாம். அதனால் புல்டாக்ஸுக்கு ஒரே மாலையில் ட்ரெலோரும் கிடைத்தார், டிராஃப்டின் முதல் பையனை எடுக்கும் வழியும் கிடைத்தது. மறு ஆண்டு புல்டாக்ஸ் இறுதிப்போட்டியில் ஆடினார்கள். கோலிங்வுட் பதினெட்டு அணிகளில் பதினேழாவது.

அந்தப் பதினேழாவது இடத்தோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021க்கான முதல் சுற்று பிக்கை முன்கூட்டியே இன்னொரு கிளப்புக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். மேலே இருப்போம், பிக் எப்படியும் பின்னால்தான் விழும் என்ற நம்பிக்கை. அணி பதினேழாவதாக முடிந்தபோது அந்த பிக்கின் மதிப்பு எண் 2.

ஏன் இப்படி விற்கவேண்டி வந்தது? அங்கேதான் உண்மையான தவறு இருக்கிறது, நவம்பர் 12இல் அல்ல. 2018 இறுதிப்போட்டியில் வெஸ்ட் கோஸ்டிடம் ஐந்து புள்ளியில் தோற்றோம். 79க்கு 74. அந்தத் தோல்வி கிளப்பை ஒரு மயக்கத்தில் தள்ளியது என்று நினைக்கிறேன், இன்னும் ஒரே ஓர் ஆள் இருந்தால் போதும், இன்னும் ஓர் ஆண்டு எல்லாரையும் சேர்த்து வைத்திருந்தால் போதும் என்ற மயக்கம். முதல் சுற்று பிக் இரண்டைக் கொடுத்து டெய்ன் பீம்ஸைத் திரும்பக் கூட்டி வந்தார்கள். அவர் மனநலப் போராட்டத்தில் 2020 தொடக்கத்திலேயே ஓய்வு பெற்றார், அதில் அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, அந்த மனிதர் நன்றாக இருக்கவேண்டும். ஆனால் அந்த விலையைக் கொடுத்த கணக்கு கிளப்புடையது. அப்புறம் புரோடி கிரண்டி. 2020 பிப்ரவரியில் ஏழு ஆண்டு ஒப்பந்தம். அந்தந்த ஆண்டின் சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்து அறிவிக்கும் ஆல் ஆஸ்திரேலியன் அணியில் இரண்டு முறை இடம்பிடித்தவர்தான், திறமையில் சந்தேகமே இல்லை. ஆனால் ரக் ஆட்டக்காரருக்கு, அதாவது நடுவர் மேலே எறியும் பந்தை எம்பித் தட்டிவிடும் நெட்டையருக்கு, இருபத்தைந்து வயதில், ஏழு ஆண்டு!

எல்லாரையும் உச்சவரம்புக்குள் அடக்க ஒரே வழி, சம்பளத்தின் பெரிய பங்கைப் பின் ஆண்டுகளுக்குத் தள்ளுவது. சீட்டுப் போட்டவர்களுக்கு இது நன்றாகப் புரியும். முதல் மாதமே சீட்டைத் தள்ளி எடுத்துக் கல்யாணத்தை ஜாம்ஜாமென்று நடத்திவிடலாம், மீதி மாதங்களின் தவணை வாசலில் வந்து நிற்கும். கோலிங்வுட் வாசலில் தவணை வந்து நின்ற நேரம் பார்த்துக் கொரோனாவும் வந்தது, 2021க்கான உச்சவரம்பையே ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு குறைத்தார்கள். கொரோனாவை யாரும் எதிர்பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பதினெட்டு கிளப்புக்கும் வந்தது. மற்றவர்களிடம் மூச்சுவிடக் கொஞ்சம் இடம் இருந்தது, நம்மிடம் இல்லை. விற்றே ஆகவேண்டும் என்பது ஊருக்கே தெரிந்த பிறகு சந்தையில் போய் நின்றால் எவன் நல்ல விலை கொடுப்பான்?

விலைகூடப் போகட்டும். என்னால் இன்றைக்கும் ஏற்க முடியாதது ட்ரெலோரை நடத்திய விதம். அவர் துணைவி கிம் ரவையன் நெட்பால் வீராங்கனை, குயின்ஸ்லாந்து அணியில் ஆட ஒப்பந்தமாகிக் கைக்குழந்தையோடு அங்கே போகவிருந்தார். குடும்பம் தொலைவில் இருந்தால் அவர் ஆட்டம் பாதிக்குமே என்ற பேச்சைக் காரணமாக வெளியே விட்டார்கள். இவர் சமாளித்துக்கொள்கிறேன் என்கிறார், இல்லை உன்னால் முடியாது என்கிறது கிளப். உச்சவரம்பில் இடமில்லை, மன்னித்துவிடு, உன் ஒப்பந்தத்தை நாங்கள்தான் தப்பாகப் போட்டோம் என்று நேராகச் சொல்லியிருந்தால் வலித்திருக்கும், ஆனால் மரியாதையாக இருந்திருக்கும். ஒரு மனிதனின் வீட்டு விஷயத்தைக் கணக்கு நோட்டின் ஓட்டையை அடைக்கப் பயன்படுத்தக் கூடாது. அந்த விஷயத்தில் பயிற்சியாளர் பக்லி, தலைவர் எடி மெக்குவயர், பட்டியலைக் கவனித்தவர்கள் எல்லாருக்கும் பொறுப்பு உண்டு. அவர்கள் கிளப்புக்குச் செய்த நல்லதை நான் மறக்கவில்லை, ஆனாலும் பொறுப்பு உண்டு.

இப்போது நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். 2023 செப்டம்பர் 30, பிரிஸ்பேனை நான்கு புள்ளியில் வென்றோம், 90க்கு 86. நானும் கத்தினேன், அழுதேன், பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்தேன். அந்தக் கோப்பை எங்கிருந்து வந்தது என்று ஆளாளாக எண்ணிப் பாருங்கள். நிக் டைகோஸ் தந்தை மகன் விதியில் வந்தவர், அப்பா பீட்டர் டைகோஸ் இந்த கிளப்பில் ஆடியிருக்காவிட்டால் அவர் நமக்கு இல்லை. ஜோர்டன் டி கோயும் ஜாக் கிரிஸ்பும் 2014 டிரேடின் பலன். அன்றைக்கு இதே பீம்ஸ் பிரிஸ்பேனுக்குப் போகவேண்டும் என்றபோது கோலிங்வுட் அசராமல் நின்று 5ஆம் பிக், 25ஆம் பிக், கூடவே கிரிஸ்ப் என்று வாங்கியது. 5ஆம் பிக்தான் டி கோய். கிரிஸ்ப் அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியாத பெயர், பிறகு ஆண்டுக்கணக்கில் ஒரு ஆட்டம்கூட விடாமல் ஆடியவர். அதுதான் டிரேட். அவசரம் எதிராளியுடையதாக இருந்தது, நம்முடையதாக இல்லை.

இறுதிப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் வாங்கிய பாபி ஹில், நான்கு கோல். அவர் 2022 டிரேடில் வந்தவர். டாம் மிட்செல், பில்லி ஃப்ராம்ப்டன் எல்லாம் அதே 2022. அந்த ஆண்டுதான் கிரண்டியை 27ஆம் பிக்குக்கு மெல்பர்ன் கிளப்புக்கு அனுப்பினார்கள், அவர் சம்பளத்திலும் ஒரு பங்கை நாம்தான் சுமந்தோம். காகிதத்தில் பார்த்தால் 2020 போலவேதான் இருக்கிறது, நட்சத்திர வீரர், குறைந்த விலை, சம்பளப் பங்கு. ஆனால் எனக்கு அது வேறு. கிரண்டிக்கு அவ்வளவு பணம் கட்டி இந்த ஆட்டமுறைக்குப் பயனில்லை, டார்சி கேமரனும் மேசன் காக்ஸும் அந்த வேலையைப் பார்ப்பார்கள், மிச்சமாகும் இடத்தில் இன்னின்னாரைக் கொண்டு வருவோம் என்று ஒரு முழு யோசனை இருந்தது. பழைய தவற்றின் கடைசித் தவணையைக் கட்டி முடித்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 2020இல் இடம் காலியானதோடு சரி, அந்த இடத்தில் யார் என்ற கேள்விக்கு அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை.

2020 டிராஃப்டில் 44ஆம் பிக்காக வந்த போ மெக்ரீரி கோப்பை அணியில் ஆடினார், மறுக்கவில்லை. ஆனால் 44ஆம் பிக்குக்காக ட்ரெலோரை விற்க வேண்டியதில்லை. முன்வரிசைப் பிக்கில் எடுத்த ஆலிவர் ஹென்றி இரண்டே பருவத்தில் ஜீலாங்குக்குப் போய்விட்டார். ஸ்டீபன்சன் போன பிறகு நார்த்தில் சோபிக்கவில்லை, 2024இல் இருபத்தைந்து வயதில் ஓய்வு பெற்றார், அதைக் காட்டி "பார், விற்றது சரிதானே" என்கிறார்கள். அவரை விற்ற விலை அப்படியே புல்டாக்ஸுக்குப் போனதே, அதற்கு என்ன சொல்வார்கள்? ட்ரெலோர் 2024இல், முப்பத்தொரு வயதில், முதல் முறையாக ஆல் ஆஸ்திரேலியன் அணியில் இடம்பிடித்தார். குடும்பப் பிரிவைத் தாங்க மாட்டார் என்று சொல்லி அனுப்பிய ஆள்.

கோப்பை வந்த காரணத்தால் அதற்கு முன் நடந்த எல்லாமே திட்டம் என்று ஆக்கிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு டிரேடை அன்றைக்குக் கையில் என்ன தெரிந்ததோ அதை வைத்து எடைபோட வேண்டும். பேரம் பேச இடம் வைத்துக்கொண்டு போனார்களா, வேறு வழியில்லாமல் போனார்களா என்று பார்க்க வேண்டும். ஆளிடம் உண்மையைச் சொன்னார்களா என்று பார்க்க வேண்டும். 2020 இந்த மூன்றிலும் தோற்றது.

மகள் அன்றிரவு அந்த ஜெர்சியைத் தூக்கி எறியவில்லை. கழற்றி மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள், முறுக்கு மாவு ஒட்டிய கையோடு. அந்த 7 இப்போது ஜோஷ் டைகோஸ் முதுகில் இருக்கிறது. ஸ்டீபன்சன் போட்டிருந்த 35 ஜோஷின் தம்பி நிக் முதுகில், அது அவர்கள் அப்பாவின் எண்ணும்கூட. அண்ணன் தம்பி இருவரையும் எனக்கு உயிராகப் பிடிக்கும். ஆனாலும் மைதானத்தில் அந்த இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்க்கும்போதெல்லாம் அந்த வியாழக்கிழமை நினைவுக்கு வருகிறது.

2024 முடிவில் கிளப் மறுபடி பெரிதாக இறங்கியது. போர்ட் அடிலெய்டிலிருந்து டான் ஹூஸ்டன், சிட்னியின் ஜிடபிள்யூஎஸ் கிளப்பிலிருந்து ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் ஹாரி பெர்ரிமேன். 2025இல் அரையிறுதிக்குச் சமமான பிரிலிமினரி ஃபைனல் வரை போய் பிரிஸ்பேனிடம் தோற்றோம். இந்த முறையும் 'இன்னும் ஒரே ஓர் ஆள்' என்ற பேச்சு கேட்கிறது, வயதான அணி என்பதால் இன்னும் சத்தமாகவே கேட்கிறது. பெர்ரிமேன் ஒப்பந்தம் 2030 வரை ஓடும். அடுத்த உறுப்பினர் கூட்டத்தில் கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தால், யாரை வாங்கப் போகிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. 2028க்கும் 2029க்கும் எவ்வளவு சம்பளத்தை இப்போதே தள்ளி வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்பேன்.