மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்

எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடி வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. நியூயார்க்கில் குயின்ஸ் பகுதி, ஜாக்சன் ஹைட்ஸ். இரண்டு படுக்கையறை. விளம்பரத்தில் 'ப்ரீ-வார் கோ-ஆப்' என்று போட்டிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் கட்டிய கூட்டுறவு வீடு என்று அர்த்தம். எங்கள் கட்டடம் 1920-களில் எழுந்தது.

அந்த வீட்டை எனக்கு நன்றாகத் தெரியும். எக்வடோர் நாட்டிலிருந்து வந்த ஒரு பெரியம்மா அதில் முப்பத்தொரு வருடம் குடியிருந்தார். கதவைத் திறந்தால் நேராக ஹாலில் போய் நிற்க மாட்டீர்கள். நம் ஊர் ரேழி மாதிரி ஒரு சின்ன முன்கூடம் இருக்கும், அங்கிருந்துதான் ஒவ்வொரு அறைக்கும் வழி பிரியும். தரை முழுக்க ஓக் மரம், நடுவில் நடந்து நடந்து வெளுத்திருக்கிறது. சுவரில் ஆணி அடித்தால் காரை உதிரும், ஆனால் பக்கத்து வீட்டுச் சண்டை காதில் விழாது. சமையலறைச் சுவரில் முழங்கை உயரத்தில் ஒரு குட்டிக் கதவு. அந்தக் காலத்தில் கயிறு கட்டிக் குப்பையையும் சாமான்களையும் ஏற்றி இறக்கிய பெட்டி அதற்குள் ஓடியது. பல முறை பெயிண்ட் அடித்து இப்போது திறக்கவே முடியாது. குளிர் தொடங்கி பாய்லரைப் போட்டதும் ரேடியேட்டரில் நீராவி ஏறி, டங் டங் என்று யாரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் கேட்கும். முதல் வருடம் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குக் குளிர்காலம்.

அப்புறம் தோட்டம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கீழே பெரிய தோட்டம், சுற்றிலும் கட்டடங்கள். தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இதையெல்லாம் ஏஜென்ட் காட்டிவிடுவார். நான் எழுத வந்தது அவர் காட்டாத ஒன்றைப் பற்றி: வாங்க வருபவர்களைக் காரணம் சொல்லாமல் மறுக்கும் வழக்கம்.

நம் ஊரில் பிளாட் வாங்கினால் யூ.டி.எஸ்., அதாவது நிலத்தில் நம் பங்கு, எவ்வளவு என்று கேட்போம், பத்திரம் பதிவு செய்வோம். கோ-ஆப்பில் அப்படி இல்லை. மொத்தக் கட்டடமும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நீங்கள் வாங்குவது அந்தக் கம்பெனியின் ஷேர். கூடவே, அந்த வீட்டில் குடியிருக்க ஒரு குத்தகைப் பத்திரம் தருவார்கள். மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்ட வேண்டும். சொத்து வரி, எரிபொருள், கட்டடத்தின் பேரில் உள்ள கடன், வேலையாட்களின் சம்பளம் எல்லாம் அதில் அடக்கம். இதில் விற்பவரும் வாங்குபவரும் விலை பேசி முடித்தால் மட்டும் போதாது. பங்குதாரர்கள் தேர்ந்தெடுத்த போர்டு சரி என்று சொல்ல வேண்டும். மறுத்தால் ஏன் என்று சொல்வது இங்கே வழக்கம் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் இரண்டாவது மாடி வீட்டை வாங்க ஒரு வங்கதேசக் குடும்பம் வந்தது. அவர் ஒரு மருந்தகத்தில் வேலை பார்க்கிறார், மனைவி பள்ளியில் பாடம் நடத்துகிறார். போர்டுக்குக் கொடுக்க வேண்டிய விண்ணப்பக் காகிதக் கட்டை எங்கள் வீட்டு மேஜையில்தான் சேர்த்தார்கள், ஸ்கேனர் என்னிடம் இருந்தது. இரண்டு வருட வருமான வரிக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளக் கடிதம், கடன் தரும் வங்கியின் கடிதம், தெரிந்தவர்கள் எழுதிய ஆறு நற்சான்றுக் கடிதங்கள். அதில் ஒன்று அவர்கள் மகளின் டீச்சர் கையால் எழுதியது. 'இந்தப் பெண் நூலகப் புத்தகத்தை ஒரு நாள்கூடத் தாமதமாகக் கொடுத்ததில்லை' என்று அதில் ஒரு வரி. அதை ஸ்கேன் செய்யும்போது அந்த அம்மா என் பின்னால் நின்று, ஓரம் மடங்கிவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்டர்வியூ இருபது நிமிடம். ஒன்பது நாள் கழித்து ஒரு வரி மின்னஞ்சல்: விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அன்று சாயங்காலம் அவர் எங்கள் வாசல் கூடத்தில் வந்து நின்றார். 'என்ன தப்பு பண்ணினோம் பாய்?' என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. போர்டில் இருந்த இரண்டு பேரிடம் கேட்டேன். அதைப் பற்றிப் பேசக்கூடாது என்றார்கள்.

மதம் பார்த்து, நிறம் பார்த்து மறுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே வருமானம் போதாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அது தெரிய வழியில்லை என்பதுதான் என் ஆத்திரம். இனம், மதம், பிறந்த நாடு பார்த்து வீடு மறுப்பது 1968 முதல் நாடு முழுக்கச் சட்டவிரோதம். ஆனால் காரணமே வெளியே வராவிட்டால் அந்தச் சட்டத்தை எதில் கொண்டுபோய் மாட்டுவது?

இந்தப் பேட்டையின் கதை தெரிந்தவர்களுக்கு இது இன்னும் உறுத்தும். 1909-இல் குயின்ஸ்பரோ பாலம் திறந்தது. அதை ஒட்டி குயின்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் இங்கே விளைநிலங்களை வாங்கியது. 1917-இல் ரூஸ்வெல்ட் அவென்யூவுக்கு மேலே ரயில் வந்தது. தோட்டத்தைச் சுற்றி வீடு என்ற யோசனை அந்த நிறுவனத்துடையது. 1920 வாக்கில் அந்த வீடுகளைக் கோ-ஆப்பாக விற்கத் தொடங்கினார்கள். கோல்ஃப் மைதானம், டென்னிஸ் எல்லாம் இருந்தன. யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் மட்டும் இடம் இல்லை. யார் பக்கத்து வீட்டுக்காரராக வரலாம் என்று பொறுக்கி எடுப்பதற்கு வசதியாகவே கோ-ஆப் என்ற ஏற்பாடு அன்று இருந்தது.

1965-இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு உலகமே இங்கே வந்து இறங்கியது. இன்று 74-வது தெருவில் புடவைக்கடை, நகைக்கடை, கறிவேப்பிலை. அடுத்த தெருவில் வங்காளப் பேச்சு. ரயில் பாலத்துக்கு அடியில் கொலம்பியாக்காரர்கள் சோள ரொட்டி சுடுகிறார்கள், இரண்டு கடை தள்ளித் திபெத்தியர்கள் மோமோ அவிக்கிறார்கள். அதே ஏழாம் நம்பர் ரயிலில் கடைசி நிறுத்தம் வரை போனால் ஃப்ளஷிங், அங்கே 1977-இல் குடமுழுக்கு கண்ட பிள்ளையார் கோயில். யாரை உள்ளே விடக்கூடாது என்று கட்டினார்களோ, அந்த வீடுகளில் இன்று நாம் இருக்கிறோம். போர்டிலும் நாம் இருக்கிறோம். அன்று அந்த மின்னஞ்சலை அனுப்பிய போர்டில் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள்.

இந்த ஒன்றை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. சென்னையில் வாடகைக்கு வீடு தேடியபோது, 'நீங்க எந்த ஆளுங்க?' என்று கேட்டுவிட்டு, 'ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வர்றாங்க' என்று சொன்ன வீட்டுக்காரர்களை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த வாசலில் நின்றவன் இந்தப் பக்கம் வந்த பிறகு அதையே செய்யலாமா?

போர்டுக்காரர்கள் சொல்லும் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், அதில் விஷயம் இருக்கிறது. ஒருவர் மெயின்டனன்ஸ் கட்டாமல் விட்டால் மற்றவர்கள்தான் சுமக்க வேண்டும். பாய்லர் மாற்ற வேண்டி வந்தால் எல்லோர் கையையும் கடிக்கும். அதனால் வருமானத்தை, சேமிப்பை நன்றாகப் பார்க்கட்டும். கடனுக்கும் வருமானத்துக்கும் என்ன விகிதம் வேண்டும், கையில் எத்தனை மாத மெயின்டனன்ஸ் இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே தாளில் எழுதிக் கொடுத்துவிடட்டும். தகுதி இல்லாதவர்கள் விண்ணப்பக் கட்டணம் கட்டி, வக்கீலுக்குக் கொடுத்து, கடைசியில் ஏமாற மாட்டார்கள்.

'காரணம் எழுதினால் கேஸ் போடுவார்கள்' என்று பயப்படுகிறார்கள். வருமானம் போதவில்லை என்பதுதான் காரணம் என்றால் எந்தக் கேஸும் நிற்காது. எழுத முடியாத காரணம் என்றால், அது இருக்கவே கூடாத காரணம். நகரத்துக்கு வடக்கே வெஸ்ட்செஸ்டர் கவுண்டியில் கோ-ஆப் போர்டு மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அங்கே கட்டடங்கள் இடிந்து விழுந்துவிடவில்லை.

இன்னொன்று. 1993-இல் இந்தப் பேட்டையின் ஒரு பகுதியை வரலாற்றுச் சின்னமாக நகரம் அறிவித்தது. தெருப்பக்கத்து ஜன்னலை மாற்ற வேண்டும் என்றால் அதற்கென்று உள்ள ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் மறுத்தால் ஏன் என்று எழுத்தில் வரும். ஜன்னலுக்குக் கிடைக்கும் அந்த மரியாதை ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை.

2020 வசந்தத்தை இங்கே இருந்த யாரும் மறக்க முடியாது. பக்கத்தில்தான் எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனை. ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம். நான் பன்னிரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். அந்த மூன்றாவது மாடிப் பெரியம்மா தினமும் ஒரு பாத்திரத்தில் சூப்பைக் கதவருகே வைத்துவிட்டு, ரேடியேட்டர் குழாயைக் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டுவார். குழாய் வழியே என் அறைக்கு அது கேட்கும். எழுந்து போய் எடுத்துக்கொள்வேன். அன்றைய போர்டு எதைப் பார்த்து அவரை உள்ளே விட்டதோ, எனக்குத் தெரியாது.

இப்போது அவர் ஃப்ளோரிடாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வரும் மாதம் எங்கள் ஆண்டுக் கூட்டம். தகுதி விதிகளை முன்கூட்டியே கொடுக்க வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று ஒரு பக்கத் தீர்மானம் தயாரித்திருக்கிறேன். இதுவரை பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உங்கள் கட்டடத்திலும் செய்ய நினைப்பவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், வாசகத்தை அனுப்புகிறேன்.

வங்கதேச நண்பருக்கு நேற்று போன் செய்து மூன்றாவது மாடி வீட்டைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 'அந்தக் கடிதங்களை எல்லாம் வைத்திருக்கிறேன் பாய். டீச்சரிடம் மட்டும் புதிதாக வாங்க வேண்டும், மகள் இப்போது ஆறாம் வகுப்பு' என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு வீட்டைப் பார்க்க வருகிறார்கள். பெரியம்மா சாவியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.