தலைக்கு 3,500 ரூபாய், சேரம்பாடிக்கும் அதே கணக்கு

சிறப்புத் தேவையுள்ள ஒரு குழந்தை எந்த வகுப்பில் உட்காரும், அல்லது வீட்டோடு இருந்துவிடுமா என்பதைப் பெரும்பாலும் பணம் வருகிற வழிதான் தீர்மானிக்கிறது. ஆசிரியர்களின் மனத்தைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2004இல் ஒரு வேலை செய்தது. சிறப்புக் கல்வி பெறுவோர் மொத்த மாணவர்களில் 8.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஓர் அளவுகோலை வைத்தது. பள்ளிகள் என்ன செய்யும்? குழந்தையைப் பரிசோதிப்பதையே தள்ளிப்போட்டன. அது சட்டமீறல் என்று அந்நாட்டு மத்திய கல்வித்துறை சொல்வதற்குள் 2018 வந்துவிட்டது. மறுபக்கம், 'சிறப்புத் தேவை' என்று முத்திரை குத்தும் ஒவ்வொரு தலைக்கும் கூடுதல் பணம் என்றால் முத்திரைகள் பெருகிவிடும். அந்த அச்சத்தால்தான் கலிபோர்னியா 1990களின் இறுதியில் மொத்த மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணம் பிரிக்கத் தொடங்கியது.

நம் ஊர்க் கதை இந்த இரண்டிலும் சேராது. மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் இந்தக் குழந்தைகளுக்குத் தலைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை. சமவெளிக்கும் அதுதான், பந்தலூர் தாலுகாவில் சேரம்பாடிக்கும் அதுதான். நீலகிரியில் கல்வி ஒன்றியங்கள் நான்கு: உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர். பந்தலூர்ப் பக்கம் முழுவதும் கூடலூரோடு சேர்த்தி. குழந்தையின் வீட்டுக்குப் போகச் சிறப்புப் பயிற்றுநர் பஸ்ஸை விட்டு இறங்கி எஸ்டேட் பாதையில் நடக்க வேண்டும். யானை நிற்கிறது என்று தகவல் வந்தால் அன்றைய பயணம் அவ்வளவுதான். சரி, தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பயிற்சி தரும் வட்டார வள மையத்துக்கு வரலாமே என்பார்கள். வந்தால் கொழுந்து பறிக்கும் ஒரு நாள் கூலி போய்விடும். போக்குவரத்துப் படியும் துணையாளர் படியும் திட்டத்தில் உண்டு. போன கூலிக்கு முன் அவை எம்மாத்திரம்?

ஆகவே 'வீட்டுவழிக் கல்வி' என்று எழுதிவிடுவது எல்லோருக்கும் வசதி. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதைக் கடும் பாதிப்புள்ள குழந்தைகளின் உரிமையாகத்தான் வைத்தது. இங்கே அது சாலை இல்லாத இடத்துக் குழந்தைகளுக்கான ஏற்பாடாக மாறிவருகிறது என்பது என் சந்தேகம். பெயர் மட்டும் பக்கத்துப் பள்ளியின் பதிவேட்டில் பத்திரமாக இருக்கும். இருக்காதா பின்னே? 30 பேர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய், 31ஆவது பெயர் ஏறினால் 25,000 வரை. பிள்ளைகள் குறைந்து மூடும் பயத்தில் இருக்கும் மலைப்பள்ளிக்கு ஒரு பெயரின் அருமை தெரியும். அந்தக் குழந்தை எத்தனை மணி நேரம் கற்றது என்பதற்கு எந்த மானியமும் இல்லை.

தனியார் பள்ளிகளுக்குப் பணம் கட்டணத்தில் வருகிறது, கட்டணம் 'நூறு சதவீதத் தேர்ச்சி' பேனரில் வருகிறது. என் அக்கா மகனுக்குக் கற்றல் குறைபாடு. ஒன்பதாம் வகுப்பில் பள்ளி நிர்வாகம், "வேறு பள்ளி இவனுக்குப் பொருத்தமாக இருக்கும்" என்று கனிவாகச் சொல்லி அனுப்பியது. பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு என்று அக்காவிடம் ஒருவரும் மூச்சு விடவில்லை.

தொகையை மட்டும் உயர்த்தினால் பதிவேடு கொழுக்கும். மலை மாவட்டத்துக்குத் தூரத்தையும், நேரில் கற்பித்த மணி நேரத்தையும் வைத்துப் பணம் தர வேண்டும், தாயின் கூலியையும் அதில் சேர்க்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் நண்பர்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: வீட்டுவழிக் கல்வியில் இருக்கும் குழந்தையின் வீட்டுக்குப் போன மாதம் யார், எத்தனை முறை போனார்கள்? பதிலை இங்கே எழுதுங்கள்.