ஆச்சி வேடத்துக்கு ஆச்சிதான் வேண்டும்

எங்கள் வாசிப்பு வட்டம் போன மாதம் நெல்லை மாவட்டத்து முக்கூடல் பக்கத்தில் ஒரு நாடகம் போட்டது. பார்த்துவிட்டுப் போனவர்களில் சிலர் சொன்ன ஒரு விஷயம் அன்றிலிருந்து மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

நாடகத்தில் மொத்தம் இரண்டே பேர். பீடி சுற்றும் 72 வயது ஆச்சி ஒருத்தி, இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் 20 வயதுப் பையன் ஒருவன். ஆச்சிக்கு பி.எஃப். பென்ஷன் வர வேண்டுமென்றால், உயிரோடு இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒருதரம் பதிய வேண்டும். விரலை வைத்தால் மிஷின் எடுக்கமாட்டேன் என்கிறது. ஐம்பது வருஷமாக இலை சுருட்டி ரேகை தேய்ந்துபோன விரல். "எய்யா, நான் உசுரோடதான் இருக்கேன்னு இந்த மிஷினுக்கு யாருய்யா சொல்லுவா?" என்பதுதான் முதல் வசனம். பையன் கல்லூரியில் ஏழு அரியர் வைத்துவிட்டு வீட்டில் மூச்சுவிடாமல் திரிகிறவன்.

எழுதியவர் எங்கள் வட்டத்தில் இருக்கும் ஒரு பள்ளி ஆசிரியர். முதலில் மேடையேற்றும் எண்ணமே இல்லை. ஆளுக்கொரு பிரதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து வாசித்தோம், அவ்வளவுதான். படிப்பதற்கென்று நாடகம் எழுதுவது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகம் யார் பெயரில் இருக்கிறதோ, அந்த சுந்தரனார் 1891இல் மனோன்மணீயத்தைச் செய்யுளாக, படிக்கிறவர்களுக்காகத்தான் எழுதினார்.

ஆச்சியின் வசனத்தை வாசித்தது நான். குரலைக் கொஞ்சம் நடுங்கவிட்டேன், நடுநடுவே இருமினேன். நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த திண்ணை வீட்டு ஆச்சி மட்டும், மடியில் சொளகை வைத்துப் பீடி சுற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்கள்: "ஏளா, இம்புட்டு இருமுனா அவ எப்படி ஆயிரம் பீடி சுத்துவா?"

எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அப்புறம்தான் அந்த வேடத்தை ஆச்சியே செய்யட்டும் என்று கேட்டோம். இரண்டு வாரம் மாட்டேன் என்றார்கள். மூன்றாவது வாரம், "வேலை கெடாம நடிக்கலாமா?" என்று கேட்டார்கள். கெடாமல்தான் நடித்தார்கள். மேடையில் நிஜ இலை, நிஜப் புகையிலைத் தூள். வெறும் இலையைச் சுற்றினால் கை நின்றுபோகும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆச்சிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. பையன் வேடம் போட்ட கல்லூரி மாணவன் தினமும் சாயங்காலம் அந்தத் திண்ணைக்குப் போய் வசனத்தை வாசித்துக் காட்டுவான். காதால் கேட்டே பாடம் பண்ணினார்கள். நம்மூர் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் கதை தலைமுறை தலைமுறையாக வந்ததும் பெரும்பாலும் அப்படித்தானே. ஆனால் ஆச்சி கேட்டதோடு விடவில்லை, திருத்தவும் செய்தார்கள். ஓரிடத்தில் 'கையால் கண்ணீரைத் துடைத்தபடி' என்று எழுதியிருந்தது. "தூள் ஒட்டுன கைய எவ கண்ணுல வைப்பா? எரிஞ்சு செத்துருவாளே" என்றார்கள். பிறகு எப்படித் துடைப்பீர்கள் ஆச்சி என்றால், தோளை லேசாக உயர்த்தி, கன்னத்தை ஒருதரம் சேலையில் இழுத்துக்கொண்டார்கள். விரல்கள் பாட்டுக்கு இலையை உருட்டிக்கொண்டிருந்தன. பத்துத் தடவை வாசித்தும் எங்களுக்குக் கிடைக்காத ஆச்சி அந்த ஒரு நொடியில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

சின்ன வயசுக்காரர்கள் முதியவர் வேடம் கட்டுவதற்கு நம்மிடம் பெரிய மரபே இருக்கிறது, தெரியும். தூத்துக்குடியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபை என்ற நாடகக் குழுவில் எல்லா வேடங்களையும் சிறுவர்களே கட்டினார்கள். அங்கே சிறுவனாகச் சேர்ந்த டி.கே. சண்முகம் பின்னாளில் ஔவையாராக நடித்து, 'ஔவை' சண்முகம் என்றே பெயர் வாங்கினார். அந்தச் சாதனைக்கு முன்னால் கைகூப்பத்தான் வேண்டும். அதைச் சாக்காக வைத்து, தலையில் பவுடரைக் கொட்டி, முதுகை வளைத்து, பொக்கைவாய் பண்ணிக் கைதட்டு வாங்குவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நம் மேடைகளில் வயசானவர்கள் ஒன்று சிரிப்புக்கு வருகிறார்கள், இல்லாவிட்டால் அழவைக்க வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேலை இருக்கும், அதில் கெட்டிக்காரத்தனம் இருக்கும், ஒரு 20 வயதுப் பையனோடு பேசிச் சிரிக்க விஷயம் இருக்கும் என்பது யாருக்கும் தோன்றுவதே இல்லை.

சரி, மனதை அறுத்த விஷயத்துக்கு வருகிறேன். "கடைசியில் அந்தப் பையன் அவளுக்குச் சொந்தப் பேரன் என்று முடித்திருக்கலாமே, நெஞ்சைத் தொட்டிருக்கும்" என்று மூன்று பேர் சொன்னார்கள். இன்னொருவர், முகத்தைக் காட்டிப் பதியும் வசதிதான் வந்துவிட்டதே, பிறகு என்ன பிரச்சினை என்றார். அவருக்கும் இவர்களுக்கும் பதில் ஒன்றுதான். அந்த வசதியைப் பையன் இரண்டாவது காட்சியிலேயே ஆச்சிக்குச் செய்து கொடுத்துவிடுகிறான். வேலை அங்கேயே முடிந்தது. அதற்கப்புறமும் அவன் வருகிறான். சொந்தமில்லை, காரியமில்லை, யாரும் அனுப்பவுமில்லை. அரியர் விஷயத்தை அவன் முதன்முதலாகச் சொல்வது ஆச்சியிடம்தான். ஆச்சி அறிவுரை சொல்வதில்லை. "ஏழா? நான் ஒரு நாளைக்கு அதைவிட நெறைய பீடி கழிவு வாங்கிருக்கேன்" என்கிறாள். கழிவு என்றால் சரியில்லை என்று ஒதுக்கப்பட்ட பீடி. அவனைப் பேரனாக்கிவிட்டால் இத்தனையும் கடமையாகப் போய்விடும். அத்தை, மாமா, ஆச்சி என்று முறை வைத்துக் கூப்பிடுவது நம் அழகுதான். அந்த முறைக்குள்ளே வெறும் சிநேகமும் இருக்க முடியும் என்பதை ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறோம்?

மேடையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கடைசிக் காட்சியில் ஆச்சிக்கு வசனம் மறந்துவிட்டது. கை மட்டும் ஓடுகிறது. பையன் எடுத்துக் கொடுக்கவில்லை, பேசாமல் நூலை எடுத்து, சுற்றி வைத்திருந்த பீடிகளில் 25ஐ எண்ணிக் கட்டத் தொடங்கினான். கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. ஆச்சி அந்தக் கட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "முடிச்சு நெகுநெகுன்னு இருக்குல, அவுத்துக் கெட்டு" என்றார்கள். பிரதியில் இல்லாத வசனம். அவன் அவிழ்த்துக் கட்டுவதோடு விளக்கை அணைத்தோம். இனி அதுதான் முடிவு.

அடுத்தது ஆலங்குளம் பக்கம் போடலாம் என்று இருக்கிறோம். சாயங்காலம் ஐந்து மணிக்கே தொடங்கிவிடுவோம், ஆச்சி எட்டு மணிக்குப் படுக்க வேண்டும். இடம் கொடுக்க முடிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். மைக் நல்லதாக இருந்தால் போதும், ஆச்சி சத்தமாகப் பேசமாட்டார்கள்.