அந்தப் பையனும் சிரித்தானாம்

கொடை மேடையில் நகைச்சுவைப் பேச்சாளர் மைக் செட் பையனைக் கேலி செய்த அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். கோயில் கொடைத் திருவிழாப் பந்தலைப் பிரிப்பதற்குள் அது ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது, நானும் பார்த்துவிட்டேன். நேற்று அதைக் கண்டித்து எழுதிய நாலு வரிக்கு வந்த பதில்களையும் பார்த்தேன். "உங்களுக்கு நகைச்சுவை உணர்வே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தவர்கள். இருக்கட்டும்.

ஒயரைச் சரிசெய்ய மேடையேறிய மைக் செட் பையனை நிறுத்தி, அவனுக்குத் திக்கும் என்று தெரிந்த பிறகும், "தம்பி, உன் ஊர்ப் பெயரைச் சொல், எல்லோரும் கேட்கட்டும்" என்று மைக்கை நீட்டுவதற்குப் பெயர் நகைச்சுவையாம். அவன் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டான். பேச்சாளர் பெருமகனார் அதை அப்படியே திக்கிக் காட்டினார். கைதட்டல்.

நான் சொல்வது ஒன்றுதான். எதிரில் நிற்கிறவனைக் கூனிக் குறுக வைக்காமலும் ஊரைச் சிரிக்க வைக்க முடியும். முடியாது என்று ஒரு பேச்சாளர் சொன்னால் அவருக்குத் தொழில் தெரியவில்லை என்று பொருள்.

"அந்தப் பையனே சிரித்தானே, உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" வேறு என்ன செய்வான் ஐயா? எதிரே ஊர், ஓரத்தில் அவனுக்குக் கூலி கொடுக்கிற முதலாளி. மைக்கைப் பிடுங்கி அடிக்க வேண்டுமா? சத்தத்தை நிறுத்திவிட்டு இன்னொரு முறை பாருங்கள். வாய் சிரிக்கிறது. கை, ஒயரை விரலில் சுற்றுகிறது, அவிழ்க்கிறது, மறுபடி சுற்றுகிறது.

என் தம்பிக்கும் திக்கும். எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி. கல்லூரிக் காலத்தில் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வரும்போது அவன் அம்பாசமுத்திரத்துக்குத்தான் டிக்கெட் எடுப்பான். 'அ' வந்துவிடும், 'க' வராது. கண்டக்டர் முன்னால் 'க, க' என்று நின்றால், பின் சீட்டில் ஒருவன் அதையே திருப்பிச் சொல்வான், பஸ் முழுக்கச் சிரிக்கும். அதற்குப் பயந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊருக்குக் காசு கொடுத்துவிட்டு எங்கள் ஊரில் இறங்கிக்கொள்வான். மிச்சக் காசு எங்கே என்று அம்மா கேட்டால் முறுக்கு வாங்கித் தின்றதாகச் சொல்வான். அவன் கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்கு உண்மை தெரிந்தது. அந்தப் பின் சீட்டுக்காரனும் நகைச்சுவை உணர்வு மிக்கவன்தான், சந்தேகமே இல்லை.

அதே தடத்தில் இன்னொரு கண்டக்டர் இருந்தார். சேரன்மகாதேவி தாண்டினால் படியில் நிற்க இடமிருக்காது. "உள்ளே போங்கள் அண்ணாச்சி, உள்ளே நிறைய இடம் இருக்கிறது. நானே இந்த வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருநாளாவது உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்" என்பார். மிதிபட்டுக்கொண்டிருந்தவர்களும் சிரித்துக்கொண்டே நகர்ந்துகொடுப்பார்கள். அவரிடம் தம்பி ஊர்ப் பெயர் சொல்லவே வேண்டாம். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

இன்னும் கேளுங்கள். எங்கள் பக்கம் மறுவீட்டுப் பந்தி என்றால் சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்புதான். முதல் தேங்காய்ப்பாலை ஊற்றிய பிறகு கொதிக்கவிடக் கூடாது. அக்காள் கல்யாணத்தில் சித்தி பேச்சு மும்முரத்தில் விட்டுவிட்டாள், பால் திரிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் இலையைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், வாயைத் திறக்கப் போனார். அதற்குள் எங்கள் ஆச்சி, "பல் போன கிழவியும் எதையாவது மெல்லட்டும் என்று எனக்காகவே கட்டி தட்ட வைத்திருக்கிறாள். இன்னும் ஒரு கரண்டி ஊற்று தாயே" என்றாள். பந்தி குலுங்கியது. அழத் தயாராக இருந்த சித்தியும் சிரித்துவிட்டாள். ஆச்சிக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

ஒரு தமிழாசிரியர் எழுதியிருக்கிறார்: தொல்காப்பியரே நகைக்கு நான்கு காரணம் சொல்லி, எள்ளலைத்தானே முதலில் வைத்தார்? உண்மை. எள்ளல், இளமை, பேதைமை, மடன். சிரிப்பு எங்கிருந்தெல்லாம் பிறக்கும் என்று அவர் சொன்னார். போய் எள்ளுங்கள் என்று உரிமச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. அந்த ஆசிரியர் வகுப்பில் 995-ஆம் குறளும் நடத்தியிருப்பார். விளையாட்டுக்குக்கூட ஒருவரை இகழ்ந்தால் வலிக்கும் என்கிறது அது. அந்த ஒன்றை மட்டும் வசதியாக மறந்துவிட்டார் போலிருக்கிறது.

"அப்படியானால் கலைவாணர் கிண்டல் செய்யவில்லையா?" செய்தார். 1908-இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்து, வில்லுப்பாட்டில் பழகி வந்த மனிதர். மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்தார், தீண்டாமையைக் கிண்டல் செய்தார். நீங்கள் அவரை எந்த மேடைக்கு இழுக்கிறீர்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

அரசியல்வாதியை, அதிகாரியைக் கேலி செய்யக் கூடாதா என்று ஒருவர். தாராளமாகச் செய்யலாம், நானும் கைதட்டுகிறேன். ஆனால் அன்றைக்கு முன்வரிசை நாற்காலிகளில் அத்தனை பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்களே, அவர்களைப் பற்றி ஒரு சொல் வந்ததா? வராது. அவர்கள்தான் கவரில் பணம் வைத்துக் கொடுப்பவர்கள். மைக் செட் பையன் என்ன கொடுப்பான்?

"திருநெல்வேலிக்காரனுக்கு நக்கல் ரத்தத்திலேயே ஊறியது" என்று பெருமை வேறு. எனக்கும் ஊறியதுதான். ஆனால் நம் ஊர் நக்கலில் அடி வாங்கியவன் அடுத்த நொடியே திருப்பி அடிப்பான், அதில்தான் சுகம். வில்லுப்பாட்டில் வில்லடிக்கிறவரும் குடம் அடிக்கிறவரும் விடிய விடிய ஒருவரையொருவர் வாருவார்கள், இரண்டு பேர் வாயும் ஒரே நீளம். பேச வராதவனிடம் மைக்கை நீட்டிவிட்டு அதற்கு ஊர்ப் பெருமையை இழுக்காதீர்கள்.

ஆமாம், கோபமாகத்தான் எழுதுகிறேன். என் பதிவின் கீழேயே 'க, க, கருத்து' என்று எழுதிவிட்டுப் போனவர் யார் என்றும் தெரியும். சொந்தக்காரர். வீட்டு விசேஷத்துக்கு வருவார், காபி கொடுப்பேன், இதைப் பற்றிப் பேச மாட்டேன்.

விழாக் குழு அண்ணாச்சிமார்களே, அடுத்த கொடைக்கு வரி வாங்க வரும்போது மேடையில் யார் என்று கேட்டுவிட்டுத்தான் பணம் எடுப்பேன். மறுபடி இவர்தான் என்றால், சாமிக்கு உண்டானதை நேரே உண்டியலில் போட்டுக்கொள்கிறேன். வில்லுப்பாட்டு வையுங்கள், வரிக்கு மேலேயே தருகிறேன்.